சரணாலயத்துக்குள் ஓடும் வெள்ளக் கால்வாயில் செடிகொடி வளர்ந்தால் அதன் கொள்ளளவு குறையுமா?

குறையும். எவ்வளவு என்பது செடியைப் பொறுத்தது. பொறியாளர்கள் இதை மேனிங் சூத்திரத்தில் (கால்வாயில் நீரோட்டத்தின் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரம்) வரும் சொரசொரப்பு எண்ணால் கணக்கிடுகிறார்கள்; தரை எவ்வளவு தடுக்கிறதோ அவ்வளவு பெரிய எண். குட்டைப் புல் மூடிய வெள்ளச் சமவெளிக்கு அது சுமார் 0.03, அடர்ந்த புதருக்கு 0.10. வேகம் இந்த எண்ணுக்கு எதிர்விகிதத்தில் மாறும். அப்படியென்றால் புல் இருந்த இடத்தில் அடர்ந்த புதர் வந்தால், அதே நீர்மட்டத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான் போகும். மற்றது தேங்கி மட்டத்தை உயர்த்தும்.

மெல்லிய புல் வெள்ளத்தில் படுத்துவிடும், அதனால் பெரிய தொல்லை இல்லை. விறைப்பான புதர்தான் வம்பு: மிதந்துவரும் குப்பையைப் பிடித்துக்கொள்ளும், வண்டலையும் படியவைக்கும். அப்புறம் கால்வாயின் குறுக்குப் பரப்பே சுருங்கிவிடும்.

அதற்காக மொத்தமாக வெட்டுவது சரியல்ல. கரையை அரிப்பிலிருந்து காப்பதும் அந்த வேர்கள்தான். பறவைகள் கூடு கட்டாத மாதங்களில், நீரோட்டத்துக்கு இணையாகப் பட்டை பட்டையாக வெட்டலாம்.