கண்மாய்க்கு ஒரு புத்தகம்

அன்புள்ள ஐயா,

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். பதினைந்து வருடங்களாகக் கதையும் நாவலும்தான் என் படிப்பு. இப்போது கொஞ்சம் வேறு மாதிரி படிக்கலாம் என்று தோன்றுகிறது. எங்கள் ஊர்க் கண்மாய் தூர்ந்துபோய்க் கிடக்கிறது. அதை யார் வெட்டினார்கள், முன்பு யார் பராமரித்தார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் மதுரையில் ஒரு பெரிய புத்தகக் கடைக்குப் போய், இதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ‘அந்த மாதிரியெல்லாம் புக் வர்றதில்லை சார்’ என்றார்கள். கட்டுரைகள் என்று எழுதியிருந்த அலமாரியில் சுயமுன்னேற்றமும் பங்குச்சந்தையும் சமையலும்தான் இருந்தன. தமிழில் அறிவுத்துறை நூல்களே கிடையாதா? என் ஆங்கிலம் சுற்றறிக்கை படிக்கிற அளவுக்குத்தான். ஒரு பத்துப் புத்தகங்களின் பெயர் சொன்னால் உதவியாக இருக்கும்.

ம.

அன்புள்ள ம.,

பத்துப் பெயர்கள் தரப்போவதில்லை. முன்பெல்லாம் பட்டியல் கேட்டால் உடனே எழுதி அனுப்பிவிடுவேன். வாங்கி அடுக்கியவர்கள் படம் எடுத்துக்கூட அனுப்பினார்கள். படித்ததாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு. உங்கள் கடிதத்தில் பட்டியலைவிட நல்ல ஒன்று இருக்கிறது. கண்மாய். அதைப் பிடித்துக்கொண்டே போவோம், எத்தனை புத்தகம் வருகிறது பார்க்கலாம்.

குடவோலை முறை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள். அந்தத் தேர்தல் எதற்காக என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கத்தான். அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு, அதற்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று விதிகள். ஆனால் அது தொண்டை மண்டலம், அதுவும் ஒரு பிராமண ஊர். உங்கள் பக்கத்துக் கதை வேறு. பாண்டிய நாட்டில், கண்மாயிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் வாயான மடையின் கற்களிலும், அதற்கு எதிரே கண்மாய்க்குள் நிற்கும் குமிழித் தூண்களிலும் எழுத்து இருக்கும். இந்த மடையை இன்னார் செய்வித்தார் என்று சுருக்கமாக ஒரு வரி. இப்படிப்பட்டவற்றைப் படித்து வெளியிடுவதற்கென்றே தஞ்சாவூரிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ் 1991 முதல் வந்துகொண்டிருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறையும் மாவட்டவாரியாகக் கல்வெட்டுத் தொகுதிகள் போட்டிருக்கிறது. கல்வெட்டுத் தமிழ் புரியாதே என்று பயப்பட வேண்டாம். கல்வெட்டு அறிஞர் ஒய். சுப்பராயலு பொறுப்பில் ‘தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி’ இரண்டு தொகுதிகளாக இருக்கிறது. நான் அதை அகராதியாகப் பயன்படுத்துவதைவிட, தூக்கம் வராத இரவுகளில் சும்மா புரட்டுவதே அதிகம்.

அப்புறம் வெள்ளைக்காரர்கள். ஜே. எச். நெல்சன் என்ற அதிகாரி 1868இல் மதுரை நாட்டைப் பற்றித் தடியாக ஒரு நூல் எழுதினார். அன்று இராமநாதபுரமும் சிவகங்கையும் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ஆகவே உங்கள் ஊர்ப்பக்கமும் அதில் அடக்கம். அவருடைய அபிப்பிராயங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தகவல்களை எடுத்துக்கொள்ள வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

தமிழில் நேராகவே பாசனத்தைப் பற்றி எழுதியவர் பொறியாளர் பழ. கோமதிநாயகம். பொதுப்பணித் துறையில் இருந்தவர், ‘தமிழகப் பாசன வரலாறு’ அவருடையது. மடையையும், மிஞ்சிய தண்ணீர் வழியும் கலிங்கையும் கையால் தொட்டவர் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்காகவே படிக்கலாம். கடைக்காரர் ‘வர்றதில்லை’ என்று சொன்ன விஷயத்தில் இது முதல் புத்தகம்.

இதற்குமேல் ஒரு படி போனால், உங்கள் கேள்விக்கு நேராக உட்கார்ந்து பதில் சொல்கிற நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. டேவிட் மாஸ் என்ற மானிடவியலாளர், ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’, 2003. பழைய இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் கண்மாய்கள்தான் களம். ஊரில் போய்த் தங்கி, யார் மடை திறக்கிறார்கள், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சி வேலை எந்தச் சாதிக்கு, கண்மாய் மீனை யார் ஏலம் விடுகிறார்கள், கோயில் மரியாதைக்கும் தண்ணீர் முறைக்கும் என்ன தொடர்பு என்று பார்த்து எழுதியது. நம் மேடைகளில் அடிக்கடி ஒரு படம் வரைவார்கள்: அந்தக் காலத்தில் ஊரே ஒன்றுகூடிக் குடிமராமத்து, அதாவது கண்மாயைச் சீர்செய்யும் வேலை, செய்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று. மாஸ் அந்தப் படத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளும் பாளையக்காரர்களும் கண்மாய் வெட்டியதும் மானியம் விட்டதும் அதிகாரத்தின் பகுதி. அந்த அதிகாரம் குலைந்தபோது கண்மாயும் குலைந்தது என்கிற திசையில் அவர் போகிறார். வெள்ளைக்கார அரசு 1858இல் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டுக் குடிமராமத்தை நடத்தப் பார்த்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் தானாகச் செய்துகொண்டிருந்தால் சட்டம் எதற்கு? 2017இல் நம் அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தபோது இதை யாராவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பேசியதாக என் கண்ணில் படவில்லை.

பாருங்கள், ஒரு கண்மாய்க்கே கல்வெட்டு, அகராதி, அதிகாரி எழுதிய நூல், பொறியாளரின் வரலாறு, மானிடவியல் என்று வந்துவிட்டது. உங்கள் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கடைக்கு அவை வருவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் வருவதில்லை என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளியீட்டுப் பிரிவுக்கு ஒரு நூல் வாங்கப் போனேன். வேறு எங்கும் கிடைக்காத நூல். ஆள் சாப்பிடப் போயிருந்தார். மூன்று மணிக்கு வந்தார், நல்ல மனிதர், டீ கூட வாங்கிக் கொடுத்தார். அறையின் கூரைவரை கட்டுக்கட்டாக நான் கேட்ட புத்தகமே இருந்தது. ஆனால் ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டதாம், ரசீது இல்லாமல் கொடுக்க முடியாது, நாளைக்கு வாருங்கள் என்றார். புத்தகத்தின் விலை 45 ரூபாய். அன்று இரவு தங்கிய லாட்ஜுக்கு 600 ரூபாய் கொடுத்தேன்.

தமிழ் ஆய்வு நூல்களில் பெரும்பகுதி இப்படி அலுவலகங்களில் பிறந்து அலுவலகங்களிலேயே இருப்பவை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், பாடநூல் கழகம் எல்லாம் விற்பனையாளருக்குக் கழிவு கொடுத்து, வண்டியில் ஏற்றி அனுப்பும் பழக்கத்தில் வளர்ந்தவை அல்ல. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கல்லூரியில் தமிழ்வழிப் படிப்புக்காக இயற்பியல், உளவியல், பொருளியல், வரலாறு என்று நூற்றுக்கணக்கில் அரசு நூல் போட்டது. கே. கே. பிள்ளையின் ‘தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்’ அந்த வழியில் வந்ததுதான். இன்றும் முதலில் படிக்க அதைத்தான் சொல்வேன். மற்றவை பலவும் கல்லூரி நூலகங்களில் கரையானுக்குப் போயின. இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்த வரிசையில் பலதையும் படிக்க முடிகிறது. ஈழத்து நூல்கள் வேண்டுமென்றால் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ தளம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபின் அப்படி ஒன்றைக் கட்டியெழுப்பியிருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டே அதற்குள் போங்கள்.

நிறுவனங்களைக் குறை சொல்லும்போது, தனி ஆளாகவே சேர்த்துவைத்த கோட்டையூர் ரோஜா முத்தையாவையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் மாவட்டத்துக்காரர். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பழைய நூல்கள் என்று வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே வைத்து நூலகம் ஆக்கியது. தமிழ்நாட்டைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் இன்று போய் நிற்கிற இடங்களில் அது ஒன்று.

சரி, எல்லாத் துறையிலும் இப்படிக் கொட்டிக் கிடக்கிறதா? இல்லை. வரலாறு, நாட்டார் வழக்காறு, சமயம், இலக்கிய ஆய்வு இவற்றில் உங்கள் ஆயுளுக்குப் போதுமான அளவு இருக்கிறது. வரலாற்று ஆய்வாளர் மயிலை சீனி வேங்கடசாமி ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு வருடம் ஓடும். தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ முனைவர் பட்ட ஆய்வேடு, 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நூலாகப் போட்டது. கள்ளழகர் ஆற்றில் இறங்குவதை ஒரு தடவையாவது கூட்டத்தில் நின்று பார்த்தவர் அதைக் கீழே வைக்க மாட்டார். பொருளியலில் தேட வேண்டியிருக்கும், ஆனால் எஸ். நீலகண்டனின் ‘ஒரு நகரமும் ஒரு கிராமமும்’ கரூர்ப் பக்கத்தில் நடந்த மாற்றங்களை, பேராசிரியர் என்ற பந்தா இல்லாமல் சொல்கிறது. மார்க்ஸின் ‘மூலதன’த்தைத் தியாகு சிறையில் இருந்துகொண்டே தமிழாக்கினார்.

அறிவியல்தான் இளைப்பு. இது எனக்கு உண்மையான வருத்தம், ஏனென்றால் தொடக்கம் அப்படி இல்லை. யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மாணவர்களோடு சேர்ந்து பாடநூல்களைத் தமிழாக்கினார். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’. வேதியியலுக்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள், ஒட்டவைத்தது தெரியாமல் தமிழாகிவிட்டது. பிறகு அறிவியலைத் தமிழில் எழுதிய பெ. நா. அப்புசாமி; அப்புறம் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம். அதற்குப் பிறகு விஞ்ஞானிகள் தமிழில் எழுதுவது குறைந்துபோனது. விஞ்ஞானியின் பணி உயர்வுக்குத் தமிழ்ப் புத்தகம் கணக்கில் வராதபோது அவர் ஏன் எழுதுவார்? மொழிபெயர்ப்புகள் வருகின்றன, சில நன்றாகவே வருகின்றன. சிலவற்றைப் படித்தால் மூல ஆங்கிலமே தேவலாம் என்று இருக்கிறது.

கடையில் ஒரு கட்டுரை நூலைக் கையில் எடுத்தால் முதலில் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். துணைநூற்பட்டியலும், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவும் இருந்தால், எழுதியவரும் பதிப்பித்தவரும் உழைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பதிப்பாளர்கள் பலர் சொல்லடைவை நான்கு பக்கக் காகிதச் செலவாக மட்டும் பார்க்கிறார்கள். அடுத்து, முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று பாருங்கள். நாட்டுடைமை ஆன நூல்களை யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதால் ஒரே நூல் ஐந்தாறு பேர் பதிப்பில் கிடைக்கும். அதில் பாதியில் ஆண்டு இருக்காது. 1940இல் எழுதியதை நேற்று எழுதியது என்று நினைத்துப் படித்தால் ஆசிரியர் மேல் அநியாயமாகக் கோபம் வரும்.

ஆய்வேடுகளும் உண்டு. ‘ஷோத்கங்கா’ என்ற தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஏற்றிவைத்திருக்கிறார்கள், தமிழில் எழுதியவையும் சேர்த்து. முக்கால்வாசி படிக்க முடியாது. முதல் இயலையும் கடைசி இயலையும் விட்டுவிடுங்கள். நடுவில், அந்த மாணவர் பேருந்து ஏறிப் போய் ஒரு கிழவரிடம் கேட்டு எழுதிய பத்துப் பக்கம் எங்காவது இருக்கும். அதற்காகத்தான்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கூச்சப்படுகிறீர்கள். சுற்றறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்கிறவருக்கு மானிடவியல் ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. நிஜமாகவே சொல்கிறேன், சுற்றறிக்கைதான் கடினமான மொழி. மாஸின் நூலில் ஊர்ச் சொற்கள் நிறைய அப்படியே வருகின்றன. கோட்பாடு பேசும் பக்கங்களைத் தாண்டிவிட்டு, ஊருக்குள் போகிற அத்தியாயத்தில் தொடங்குங்கள். மாதம் ஒரு அத்தியாயம் போதும். விலையைப் பார்த்து வாங்க வேண்டாம். ஆங்கில ஆய்வு நூல்கள் கெட்டி அட்டையில் ஆயிரக்கணக்கில் போகும், நானே பாதியைக் கடன் வாங்கித்தான் படித்தேன். மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்களுக்குப் பக்கம்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நூலகரிடம் கேளுங்கள். கடைக்காரரிடம் கேட்டதுபோல் ‘கண்மாய் பற்றி ஏதாவது’ என்று கேட்காமல், கோமதிநாயகம் பெயரையும் மாஸ் பெயரையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. கோடையில் தண்ணீர் வற்றியதும் கண்மாய்க்குள் இறங்கி, மடைக்கு எதிரே குமிழித் தூண் நிற்கிறதா பாருங்கள். இரண்டு கல்தூணும் குறுக்கே ஒரு கல்லுமாக இருக்கும். எழுத்து ஏதும் தெரிந்தால் சுண்ணாம்போ மாவோ தடவாதீர்கள், கல் கெட்டுவிடும். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார்.

அன்புடன்.