மூத்தவனின் தட்டு

வணக்கம் அம்மா. செங்காங்கில் இருக்கிறேன், வயது 33. மகனுக்கு 20 மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். இரவில் மூன்று நான்கு தடவை எழுவான். ஐந்து மாதமாக மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. அடுத்த பிள்ளைக்கு முயல்கிறோம், இன்னும் தரிக்கவில்லை. பாலை நிறுத்தினால்தான் தரிக்கும் என்கிறார் மாமியார். தரித்த பிறகும் கொடுத்தால் கரு கலையும், பால் கெட்டு மூத்தவன் சவலையாகிவிடுவான் என்கிறார். வேப்பிலை அரைத்துப் பூசச் சொல்கிறார். மகன் சோறும் சரியாகச் சாப்பிடமாட்டான், காலையும் இரவும் கஞ்சிதான். நிறுத்தவா, தொடரவா?
எஸ்.

அன்புள்ள எஸ்,

மாமியாரைச் சமாளிப்பது உங்கள் பாடு, அதில் நான் தலையிடப்போவதில்லை. ஆனால் அவர் சொன்ன சவலையும், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கஞ்சியும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன. சில வாரமாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் உடனே எழுதுகிறேன்.

கேட்டதற்கு முதலில். ஐந்து மாதம் தாமதமே இல்லை, ஒரு வருடம்வரை ஆவது சாதாரணம். மாதவிலக்கு ஒழுங்காகத் திரும்பிவிட்டால் பெரும்பாலும் கருமுட்டையும் வெளியாகிறது. பார்க்கவேண்டியது ஒன்றுதான். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட் வாங்கி, கருமுட்டை வெளியாகும் நாளிலிருந்து அடுத்த மாதவிலக்குவரை எத்தனை நாள் என்று எண்ணுங்கள். பத்துக்குக் கீழே என்றால் கரு ஒட்டி வளர அவகாசம் போதாமல் போகலாம். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம், அது கூடினால் தரிப்பது தள்ளிப்போகலாம். ஆகவே பகலில் கொடுப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, இரவில் கொடுப்பதை மட்டும் குறைத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு தடவை வீதம் குறைத்துவாருங்கள், அந்த நேரத்தில் அப்பா எழுந்து தோளில் போட்டுக்கொள்ளட்டும். மருத்துவரிடம் போனால் பால் கொடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனையில் புரோலாக்டின் கூடுதலாக இருப்பதைப் பார்த்து வேறெதையோ தேடிக்கொண்டிருப்பார்கள். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், தரிக்கும் முன்பே, தினமும்.

கரு கலையுமா? சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் பால் கொடுப்பதால் கலைவதில்லை. பிள்ளை சப்பும்போது சுரக்கும், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனுக்குக் கருப்பை கடைசி மாதங்கள்வரை அவ்வளவாக இணங்காது. முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், ரத்தப்போக்கு இருப்பவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், கருப்பை வாய் பலவீனமானவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடரவேண்டும். தாம்பத்தியம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், பாலைப் பற்றியும் கேளுங்கள்.

வேப்பிலையை வாசலில் கட்டுங்கள், மார்பில் வேண்டாம். இரவில் நாலு தடவை குடித்த பிள்ளை ஒரே நாளில் விட்டால் பால் கட்டி மார்பு கல்லாகும், காய்ச்சல் வரலாம், சீழ் பிடிக்கும் நிலைக்கும் போகலாம். இருபது மாதப் பிள்ளைக்கு ஆறுதலான ஒரே இடத்தைக் கசப்பாக்கிவிட்டு, "அழுகிறானே" என்று கேட்பது என்ன நியாயம்?

இப்போது சவலைக்கு வருகிறேன். உங்கள் மாமியார் பார்த்தது பொய்யில்லை. தாய் அடுத்ததைச் சுமக்கும்போது மூத்தது வற்றிப்போவதை ஊரில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். காரணத்தைத்தான் தவறாகப் பிடித்தார்கள். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930களில் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் (இன்றைய கானா) இதே மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்தார். தம்பியோ தங்கையோ வந்ததும் மடியிலிருந்து இறக்கப்பட்டு, மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்த பிள்ளைகள் அவை. கால் வீங்கும், தோல் உரியும். புரதக் குறைவாக இருக்கலாம் என்று 1933லேயே எழுதினார். அவர் பிறகு நம் சிங்கப்பூருக்கும் வந்தார். தாய்ப்பாலுக்குப் பதில் கட்டிப்பாலை வாங்கவைக்கும் பிரசாரத்தைக் கொலைக்குச் சமம் என்று 1939ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்தான்.

ஆக, பால் கெடவில்லை, பால் போனது. போன இடத்தில் கஞ்சி வந்தது.

உங்களுக்கும் அது நடக்கும். தரித்த நாலைந்து மாதத்தில் பால் தானாகவே குறையும், பிறகு சீம்பாலாக மாறும், உப்புச் சுவை கூடும். அவன் சப்பிக்கொண்டேதான் இருப்பான், நீங்களும் குடிக்கிறான் என்றே நினைப்பீர்கள். உள்ளே அதிகம் போகாது. இந்த வயதுப் பிள்ளைக்கு நாளுக்குச் சுமார் 13 கிராம் புரதம் வேண்டும். 30 கிராம் அரிசியில் காய்ச்சிய கஞ்சியில் இருப்பது 2 கிராம். ஒரு முட்டையில் 6, கால் லிட்டர் பாலில் 8. கஞ்சியை ஊற்றிவிடச் சொல்லவில்லை. அது தண்ணியாக இருக்கக்கூடாது. அரிசியில் மூன்றில் ஒரு பங்கு பாசிப்பருப்பு சேருங்கள். இறக்கும் முன் முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவிடுங்கள். இல்லாவிட்டால் தேக்கா சந்தையில் நல்ல மீனாக வாங்கி, முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு மசித்துப் போடுங்கள். நெத்திலியை உப்புப் போக ஊறவைத்து, கழுவி, வறுத்துப் பொடித்தாலும் சரி. மேலே ஒரு கரண்டி எண்ணெய். பசும்பால் நாளுக்கு அரை லிட்டர் போதும். அதற்குமேல் போனால் வயிறு நிறைந்துவிடும், சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். அப்புறம் "சாப்பிடமாட்டேன் என்கிறான்" என்று எனக்கு இன்னொரு கடிதம் வரும்.

பால் கொடுத்துக்கொண்டே சாப்பாட்டை மாற்றுங்கள், தரிக்கும்வரை காத்திருக்கவேண்டாம். மடியிலிருந்து இறங்கும் முன் தட்டு பழகவேண்டும். மாதாமாதம் எடை பார்த்துச் சுகாதாரக் கையேட்டில் குறித்துவாருங்கள். எடைக் கோடு ஏறாமல் படுத்தால் உடனே பலதுறை மருந்தகத்துக்கு.

உங்களுக்கும் இதே கணக்குத்தான். இரும்புச்சத்து மாத்திரையைக் கோப்பி, தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். தரித்த முதல் மூன்று மாதத்தில் காம்பு வலி உயிரை எடுக்கலாம். தாங்கமுடியாவிட்டால் நேரத்தைக் குறைத்து, பாட்டுப் பாடி, பாட்டு முடிந்ததும் போதும் என்று பழக்குங்கள். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டாம்.

சின்னது பிறந்தபின் முதல் சில நாள் சீம்பால் கொஞ்சம்தான் வரும். சின்னதுக்குக் கொடுத்த பிறகே மூத்தவனுக்கு. சீம்பால் குடித்து அவனுக்கு வயிறு இளகிப் போகலாம், பயப்படாதீர்கள்.