கேள்வி பதில்: கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கணினிச் சொற்கள்

கணினி, செல்போன் பற்றித் தினமும் காதில் விழும், ஆனால் சரியாகப் பிடிபடாத சொற்கள் இருந்தால் கேளுங்கள் என்று நம் குழுவில் சொல்லியிருந்தேன். ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை இருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. நாகர்கோவிலில் கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். சொல்லில் ஏற்படும் குழப்பத்தால் தேவையே இல்லாத பொருளை வாங்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால் பணமோ உயிரோ சம்பந்தப்பட்ட இடங்களில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மார்த்தாண்டம், துணிக்கடைக்காரர்: போனில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வருகிறது. ரேம் கூடுதலாக உள்ள போன் வாங்கச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா அண்ணே?

இரண்டும் வேறு. ரேம் என்பது இந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளுக்கான இடம். போனை அணைத்தால் அதில் இருப்பது போய்விடும். ஸ்டோரேஜ் என்பது படம், வீடியோ, செயலிகள் எல்லாம் நிரந்தரமாக இருக்கும் இடம். உங்களுக்கு நிறைந்திருப்பது ஸ்டோரேஜ். ரேம் கூடுதலான போன் வாங்கினாலும் இந்தத் தொல்லை தீராது. முதலில் வாட்ஸ்அப் அமைப்புகளில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தக் குழு எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பெரும்பாலும் அங்கேயே வேலை முடிந்துவிடும்.

விளம்பரத்தில் '8+8 ஜிபி ரேம்' என்று போட்டிருந்தால், பின்னால் உள்ள 8 உண்மையான ரேம் அல்ல. ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் மாதிரி பயன்படுத்துகிறார்கள். அது ரேமைவிட மிகவும் மெதுவானது. முதல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

தக்கலை, ஓய்வுபெற்ற அரசு ஊழியர்: 64 ஜிபி பென்டிரைவ் வாங்கினேன். கணினியில் 59 சொச்சம்தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? அதேபோல் 100 எம்பி இணைப்பில் டவுன்லோடு 12க்கு மேல் போகவில்லை.

இரண்டிலும் ஏமாற்று இல்லை சார். தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கிக் கணக்கிடுகிறது. அந்த வித்தியாசத்தில்தான் 64 என்பது 59.6 ஆகிறது. ஒரு டிபி ஹார்டு டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவதும் இதனால்தான்.

இணைய வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவைப் பைட்டில் சொல்வோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்குச் சரியான வேகம்தான் வருகிறது.

தூத்தூர், ஆழ்கடல் மீன்பிடி விசைப்படகில் போகிறவர்: கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் டவர் போய்விடுகிறது. ஆனால் போனில் ஜிபிஎஸ் வேலை செய்கிறது. நெட் இல்லாமல் எப்படி?

ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது' என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. உங்கள் போன் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. நெட் தேவைப்படுவது வரைபடத்துக்குத்தான். அதனால் கடலில் நீலப் புள்ளி மட்டும் தெரியும், சுற்றிலும் வெறுமையாக இருக்கும். கரையில் இருக்கும்போதே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சொல்லுங்கள். ஜிபிஎஸ் கேட்கும், பேசாது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் கரையில் இருப்பவருக்குத் தெரியாது. 'போனில் ஜிபிஎஸ் இருக்கிறது, எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்' என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பது தவறு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்ற வேதனை நம் மாவட்டத்தில் எந்தக் கடற்கரை ஊருக்கும் மறக்காது. கேட்கவும் பேசவும் இரண்டுக்கும் உதவுவது டிரான்ஸ்பாண்டர். இஸ்ரோ உருவாக்கிய இந்தக் கருவியைப் படகில் பொருத்தினால், டவர் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பலாம், புயல் எச்சரிக்கையும் பெறலாம். படகில் பொருத்தியிருந்தால் அதை அணைத்து வைக்காதீர்கள். பொருத்தவில்லை என்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

நாகர்கோவில், தமிழாசிரியை: பல வருடங்களுக்கு முன் அச்சகத்தில் தட்டச்சு செய்த கட்டுரைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கின்றன. வைரஸா?

வைரஸ் இல்லை டீச்சர், உங்கள் கட்டுரை பத்திரமாக இருக்கிறது. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த முறையில் கணினி சேமித்து வைத்திருப்பதே ஆங்கில எழுத்துகளைத்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை எழுத்துரு வரைந்து காட்டும். பாமினியில் 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிறது.

யூனிகோடு வேறு மாதிரி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்திருக்கிறார்கள். தமிழுக்கு 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே இடம் உண்டு. அ என்பதற்கு ஓர் எண், ம என்பதற்கு ஓர் எண், மேலே வைக்கும் புள்ளிக்கு ஓர் எண். அதனால்தான் இப்போது யார் போனில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது, கூகுளில் தேடினாலும் கிடைக்கிறது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசத் தளங்கள் நிறைய இருக்கின்றன. ஒட்டினால் நொடியில் மாறும். ஒற்றெழுத்துகளையும் எண்களையும் மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். தயவுசெய்து இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். நம் ஊர் அச்சகங்களில் பழைய ஹார்டு டிஸ்க்குகளோடு எத்தனையோ நல்ல எழுத்து குப்பைக்குப் போயிருக்கிறது.

குலசேகரம், கல்லூரி மாணவி: விண்ணப்பத்தில் போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். என் போட்டோ 4 எம்பி.

ஒரு எம்பி என்பது சுமார் ஆயிரம் கேபி. போன் கேமராவில் எடுத்த படம் நான்காயிரத்துக்கு மூவாயிரம் பிக்சல், அதாவது படத்தின் சிறு புள்ளிகள், அளவில் இருக்கும். பாஸ்போர்ட் அளவு படத்தை நன்றாக அச்சிட 413க்கு 531 பிக்சல் போதும். முதலில் முகத்தோடு வெட்டி அந்த அளவுக்குச் சுருக்கு, பிறகு ஜேபிஜியாகச் சேமி. 50 கேபிக்குள் வருவது சுலபம். அளவைச் சுருக்காமல் தரத்தை மட்டும் குறைத்தால் முகம் கட்டம் கட்டமாகிவிடும் பிள்ளே. இன்னொன்று, சான்றிதழ் ஸ்கேனை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானாகத் தரத்தைக் குறைத்துவிடும். டாக்குமென்டாக அனுப்பு.

தோவாளை, பூ வியாபாரி: ஒருவர் மொத்தமாகப் பூ வேண்டும் என்று பேசிவிட்டு, முன்பணம் அனுப்ப க்யூஆர் கோடு அனுப்பினார். ஸ்கேன் செய்து பின் எண் போடச் சொன்னார். சந்தேகம் வந்து விட்டுவிட்டேன். சரிதானா?

மிகச் சரி அண்ணாச்சி. பின் எண் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போக நீங்கள் கொடுக்கும் சம்மதம். பணம் வாங்குவதற்குப் பின் எண்ணும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். ஓடிபியும் அப்படித்தான், யார் கேட்டாலும் சொல்லக்கூடாது.

இப்போது 'வண்டிக்கு அபராதம்', 'கல்யாணப் பத்திரிகை' என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடியும் கோப்பு வருகிறது. அது படமோ கடிதமோ அல்ல, ஒரு செயலி. நிறுவினால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை, ஓடிபி உட்பட, அவர்கள் படித்துவிடுவார்கள். தொடவே தொடாதீர்கள். யாருக்காவது பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

கருங்கல், மகன் வளைகுடாவில் இருக்கும் ஒரு தாயார்: படங்கள் கூகுளில் பேக்கப் ஆகிறது என்று மகன் சொன்னான். இடம் வேண்டும் என்று போனில் அழித்தேன். அங்கேயும் காணோம்.

அக்கா, பதற வேண்டாம். கூகுள் போட்டோஸ் செயலிக்குள் போய் 'டிராஷ்' என்பதைப் பாருங்கள். அழித்து 60 நாள் ஆகவில்லை என்றால் திரும்ப எடுக்கலாம். நடந்தது இதுதான்: போனிலும் கூகுளிலும் ஒரே மாதிரி வைத்திருப்பதற்கு சிங்க் என்று பெயர். அந்தச் செயலியில் ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழியும். பேக்கப் என்றால் தனியாக இன்னொரு பிரதி. பேரப்பிள்ளை படமெல்லாம் முக்கியம் என்றால் ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள். போனில் மட்டும் இடம் வேண்டுமானால் அதே செயலியில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' இருக்கிறது. கூகுளுக்குப் போய்ச் சேர்ந்த படங்களைப் போனிலிருந்து மட்டும் நீக்கும்.

அருமனை, மாணவர்: குரோமும் கூகுளும் ஒன்றா?

குரோம் பிரவுசர், அதாவது இணையதளங்களைத் திறக்கும் மென்பொருள். கூகுள் தேடுபொறி, அந்தப் பிரவுசருக்குள் திறக்கும் ஒரு தளம்.

திருவட்டாறு, ரப்பர் விவசாயி: ஃபைபர் இணைப்புதான். போன ஐப்பசி இடியில் ரவுட்டர் போய்விட்டது. ஃபைபரில் மின்சாரம் வராது என்றார்களே?

கண்ணாடி இழையில் வராது, உண்மைதான். ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வீட்டு மின்சாரத்தில்தானே இருக்கிறது? மின்னல் அந்த வழியாக வந்திருக்கும். மலையோரப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் வானம் இருட்டியதுமே அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ரவுட்டரிலிருந்து டிவிக்கோ கணினிக்கோ லேன் கேபிள் போனால் அதையும் உருவிவிடுங்கள், அது செம்புக் கம்பி.