கொரோனா நேரத்தில் கல்லூரி விடுதியில் எடுத்த பாதுகாப்பு ஏற்பாடுகளில் எது உண்மையிலேயே உதவியது?

2021 பிப்ரவரி 8ஆம் தேதி தமிழ்நாட்டில் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் கல்லூரி திறந்தபோது, நான் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆண்கள் விடுதியின் துணை வார்டன். இறுதியாண்டுப் பசங்கள் டிசம்பரிலேயே வந்துவிட்டார்கள்.

உதவாததை முதலில் சொல்லிவிடுகிறேன்: கேட்டில் வைத்திருந்த தெர்மல் கன். வெயிலில் நடந்து வந்தவனுக்கு 100 காட்டும். "நிழல்ல அஞ்சு நிமிஷம் நில்லுப்பா" என்பார் செக்யூரிட்டி அண்ணன். மறுபடி வைத்தால் 97. ரிஜிஸ்டரில் சிலருக்கு 93 என்றுகூட இருந்தது. நிஜமாகவே 93 என்றால் அந்தப் பையன் ஐசியூவில் இருக்க வேண்டும்! காய்ச்சல் இருந்தவனோ டோலோ 650 போட்டுக்கொண்டு ஜம்மென்று உள்ளே வந்தான். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கும் நோயை நெற்றியில் அளந்து பிடிக்கப் பார்த்தோம்.

காலையில் கபசுரக் குடிநீர். மருந்தைக் குறை சொல்லவில்லை, அதற்கு நின்ற வரிசையைச் சொல்கிறேன். ஒரே அண்டா, இருநூறு பேர், அத்தனை பேர் மாஸ்க்கும் தாடைக்குக் கீழே.

எங்களுக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தபோது, ஒரே ஒரு மெஸ்தான் இயங்கியது என்று செய்திகளில் அடிபட்டது. விடுதியில் எல்லாரும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பேசும் இடம் மெஸ்தானே. நாங்கள் மூன்று பந்தியை ஐந்தாக்கினோம். டிபன் பாக்ஸில் வாங்கி அறைக்குக் கொண்டுபோகச் சொன்னோம். பசங்கள் ஆறு ஆறு பேராக ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்கள்! மெஸ்ஸே தேவலாம் என்றாகிவிட்டது.

கடைசியில் பெஞ்சுகளைத் தூக்கி வெளியே வேப்பமரத்தடியில் போட்டோம். காக்கை எச்சம், மதிய வெயில் என்று தினமும் புகார். ஆனாலும் நாங்கள் செய்ததில் உருப்படியானது இதுதான் என்பேன். தும்மலில் தெறிக்கும் பெரிய துளிகள் இரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும், நுண்துளிகள் காற்றில் பத்து மீட்டர் வரை போகலாம் என்று மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே மாதம்தான் சொன்னது. அதற்குள் எங்கள் விடுதி காலியாகியிருந்தது. மேசை, கைப்பிடி, லிஃப்ட் பட்டன் என்று லைசால் போட்டுத் துடைத்த நேரத்துக்கு ஜன்னல்களின் துருப்பிடித்த கொக்கிகளைச் சரிசெய்திருக்கலாம்.

இன்னொன்று, காய்ச்சலை ஒளிக்கும் பழக்கம். தனிமைப்படுத்தும் அறை என்று நாங்கள் ஒதுக்கியது பழைய பிளாக்கின் கடைசி அறை. பாத்ரூமில் தண்ணீர் வராது, வைஃபை எட்டாது. யார் வந்து சொல்வான்? குழாயைச் சரிசெய்து, மோடம் வைத்து, அந்த நாட்களுக்கு அட்டெண்டென்ஸும் உண்டு என்று அறிவித்த பிறகுதான் "சார், உடம்பு ஒரு மாதிரி இருக்கு" என்று ஒவ்வொருவனாக வந்தான்.

மெஸ் ஆட்கள் அப்போதும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு நாள் கூலி, படுத்தால் காசு போச்சு. நிர்வாகத்திடம் மல்லுக்கட்டி, காய்ச்சலுக்கு லீவு எடுத்தால் 14 நாள் கூலி உண்டு என்று வாங்கினோம். அந்த வாரமே ஒருநாள் விடிகாலை ஐந்து மணிக்கு மாஸ்டர் என் அறை வாசலில், நாலடி தள்ளியே நின்றார். "சார், தொண்டை கரகரங்குது. இன்னைக்கு நான் கரண்டி பிடிக்கல."

அன்று காலை பசங்களுக்குப் பிரெட்டும் ஜாமும்தான்.