ஃப்ரீசரின் அடித்தட்டில் கிடக்கும் போலியோ

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி நம் முன்னோர் வேண்டிக்கொண்ட பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டது. அந்தக் கிருமி இன்னும் எங்காவது இருக்கிறதா? நம் தென்னாப்பிரிக்காவில் இருந்ததா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: இருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டா, ரஷ்யாவின் கோல்ட்சோவோ என இரண்டே இடங்களில், உலகச் சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் ஜொஹானஸ்பர்க் சாண்ட்ரிங்காமில் இருந்த தேசிய வைரஸ் ஆய்வகம் தன் கையிருப்பை 1983 டிசம்பரில் அழித்தது.

இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் பர்மிங்காமில், வைரஸ் ஆய்வகத்துக்கு மேல்மாடியில் வேலை பார்த்த மருத்துவப் புகைப்படக்காரர் பெரியம்மை கண்டு இறந்தார். ஊரில் இல்லாத நோய் ஆய்வகத்தில் இருந்தது. அதன்பிறகு நாடு நாடாகத் தேடிக் குப்பிகளை அழித்தார்கள். அப்படியும் 2014இல், அமெரிக்காவின் பெதஸ்டாவில் ஒரு குளிர் அறையில், 1950களைச் சேர்ந்த அட்டைப்பெட்டிக்குள் ஆறு பெரியம்மைக் குப்பிகள் கிடைத்தன. இரண்டில் கிருமி உயிரோடு இருந்தது. யாரும் ஒளித்து வைக்கவில்லை, மறந்துவிட்டார்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 1990களிலிருந்து குழந்தைகளின் வயிற்றுப்போக்கு மாதிரிகள் ஃப்ரீசரில் இருக்கின்றன. யாருக்கும் போலியோ இல்லை. பிறகு ஏன் போலியோ ஒழிப்புக்காக அந்த மாதிரிகளுக்குக் கணக்குக் கேட்கிறார்கள்?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அம்மா, அந்தக் குழந்தைகள் சொட்டு மருந்து குடித்தவர்கள். சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். குடித்த குழந்தையின் மலத்தில் அது சில வாரங்கள் வெளியேறும். இரண்டாம் வகை போலியோ இயற்கையில் கடைசியாக 1999இல் காணப்பட்டது. 2016 ஏப்ரலில் வழக்கமான சொட்டு மருந்திலிருந்தும் அந்த வகையை எடுத்துவிட்டார்கள். ஆகவே அதற்குமுன் எடுத்த மல மாதிரி எதிலும் இரண்டாம் வகை இருக்கலாம். மைனஸ் 70 டிகிரியில் அது பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். அந்த வகைக்கு எதிராகக் குடலில் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகள் இப்போது ஆண்டுதோறும் பிறக்கிறார்கள். உங்கள் ஃப்ரீசர் முன்னைவிட இன்று ஆபத்தானது என்பதற்கு இதுவே காரணம்.

கணக்கில் எழுத வேண்டியவை: எந்த ஊரில், எந்த ஆண்டு எடுத்தது, மலமா கழிவுநீரா, எத்தனை குழாய், எந்தத் தட்டு, யார் பொறுப்பு. ரத்தம், சீரம், தண்டுவட நீர் இந்தக் கணக்கில் வராது. லேபிள் அழிந்து ஊரும் ஆண்டும் தெரியாத மல மாதிரியைச் சந்தேகத்துக்குரியதாகவே வையுங்கள். பட்டியல் முடிந்ததும் மூன்று வழிகள்: அழிப்பது, அனுமதி பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவது, விதிகளுக்கு உட்பட்டு வைத்துக்கொள்வது. எந்த ஆய்வுக்கும் பயன்படாமல் கிடப்பதை அழித்துவிடுங்கள் என்றே சொல்வோம்.

கேள்வி: அழிக்க ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் கலன்) போதுமா? ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மேசை சுத்தமாகுமா?
– மாணவர், லெனேசியா

பதில்: ஸ்பிரிட்டை நம்பாதீர்கள். போலியோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. 70 சதவீத ஆல்கஹாலுக்கு அது எளிதில் மசியாது. மேசைக்கு 0.5 சதவீத ஹைப்போகுளோரைட், அதாவது ப்ளீச் கரைசல் வேண்டும். கடையில் கிடைக்கும் ஜிக் ப்ளீச் 3.5 சதவீதம், ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர் சேர்த்தால் கணக்கு சரி. முதலில் அழுக்கைத் துடைத்தெடுத்துவிட்டு ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். அன்றன்றைக்குக் கலக்குங்கள், பழைய கலவை வீரியம் இழந்துவிடும். மலம் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் குழாய்களை ப்ளீச்சில் ஊறப்போடுவதில் பயனில்லை. அவற்றுக்கு ஆட்டோகிளேவ்தான். ப்ளீச் பட்ட எதையும் ஆட்டோகிளேவுக்குள் வைக்கவே வைக்காதீர்கள், விஷ வாயு வரும்.

லெனேசியாவில் இருப்பவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அழுத்தமானி. 121 டிகிரி நீராவிக்கு மொத்த அழுத்தம் 205 கிலோபாஸ்கல் வேண்டும். டர்பனில் காற்றழுத்தமே சுமார் 101. மானி அதற்கு மேலுள்ள அழுத்தத்தை மட்டுமே காட்டும் என்பதால் 104 காட்டினால் போதும். லெனேசியா இருக்கும் ஜொஹானஸ்பர்க் மேட்டில் காற்றழுத்தம் 83 அளவுதான். அதே 104இல் நிறுத்தினால் வெப்பம் 121ஐத் தொடாது, ஏறக்குறைய 122 காட்ட வேண்டும். மானியைப் பார்க்காமல் வெப்பமானியைப் பாருங்கள்.

அடுத்த தவறு, பையை நிரப்பி இறுக்கிக் கட்டுவது. உள்ளே சிக்கிய காற்று நீராவியைத் தடுக்கும். பையின் வாயைத் தளர்த்தி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், கசிவு தாங்கும் தட்டில் வையுங்கள். உறைந்த குழாய்களை அப்படியே போட்டால் நடுப்பகுதி சூடாக நெடுநேரம் ஆகும். நடுவே வைத்த வெப்ப உணரி 121ஐத் தொட்ட பிறகுதான் 30 நிமிடத்தை எண்ணத் தொடங்க வேண்டும். கோடு கறுக்கும் ஒட்டுநாடா, பை சூடு கண்டது என்று மட்டுமே சொல்லும். வெப்பம் தாங்கும் ஜியோபாசிலஸ் பாக்டீரியாவின் வித்துக் குப்பியை நடுவில் வைத்து எடுத்து, பிறகு வளர்த்துப் பாருங்கள். எதுவும் முளைக்கவில்லை என்று உறுதியாகும்வரை கழிவை வெளியே அனுப்பாதீர்கள். அழித்ததற்குச் சாட்சியாக இருவர் கையெழுத்து இருக்கட்டும்.

கேள்வி: தடுப்பூசி போட்ட ஊழியருக்கு என்ன பயம்?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: ஊசி அவர் காலைக் காப்பாற்றும், குடலை அவ்வளவாகக் காப்பாற்றாது. 2017இல் நெதர்லாந்தில் ஒரு தடுப்பூசித் தொழிற்சாலையில் இரண்டாம் வகை வைரஸ் சிந்தியது. ஊசி போட்டிருந்த ஊழியர் ஒருவருக்கு நோய் வரவில்லை. மலத்தில் மட்டும் ஏறக்குறைய நான்கு வாரம் வைரஸ் வந்தது. அவரைத் தனிமைப்படுத்தி, வீட்டுக் கழிவுநீரையும் சோதித்தார்கள். இந்த வைரஸைக் கையாளும் இடத்திலிருந்து வெளியேறுமுன் குளிப்பதும், உள்ளே போட்ட உடையை உள்ளேயே விடுவதும் கட்டாயம். சிந்தியதை அன்றே சொல்லாத ஊழியர் வீட்டுக் கழிப்பறை வழியாக ஊர்ச் சாக்கடைக்கு அதை அனுப்பிவிடுவார். சொன்னவரைத் தண்டிக்காத மேலாளர் இருந்தால்தான் சொல்வார்கள்.