சைடுகார் வைத்த புல்லட் 350-ஐ விட்டு 650-க்கு மாறலாமா?

கேள்வி: வயதான அப்பாவை அழைத்துப் போவதற்காக 350 சிசி புல்லட்டில் சைடுகார் (பக்கவாட்டில் தனிச் சக்கரத்தோடு வரும் பெட்டி) மாட்டி ஓட்டுகிறேன். 650 சிசி வண்டிக்கும் அதற்கேற்ற பெரிய சைடுகாருக்கும் மாறுவது சரியா?

ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும்தான் என்றால் மாற வேண்டாம், இருக்கிற வண்டியைச் சரிசெய்வதில் பணத்தைப் போடுங்கள் என்பேன். நாற்கரச் சாலையில் அடிக்கடி நெடுந்தூரம், அதுவும் பாரத்தோடு போகிறீர்கள் என்றால் 650 நல்ல முடிவு.

நான் பாளையங்கோட்டைக்காரன். அம்மாவுக்கு மூட்டு தேய்மானம், பின்சீட்டில் ஏறி உட்கார முடியாது. அமாவாசைக்குப் பாபநாசம் போய்த் தாமிரபரணியில் குளிக்காமல் அவருக்கு மனம் ஆறாது. அதற்காகத்தான் என் 350-ல் சைடுகார் வந்தது. உங்களுக்கு வந்த யோசனை எனக்கும் வந்து, நண்பர் ஒருவரின் 650 சைடுகார் வண்டியை வாங்கி ஓட்டிப் பார்த்தேன்.

இழுவையில் இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது. 350 தருவது சுமார் 20 குதிரைத்திறனும் 27 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை). 650-ல் அது 47-ம் 52-ம். பாபநாசம் செக்போஸ்ட்டுக்கு மேலே ஏற்றத்தில் என் வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போகும் இடத்தில் அது சிரமமே இல்லாமல் ஏறியது. ஆனால் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயினை ஓட்டும் பற்சக்கரம்) ஒரு பல் குறைத்துப் போட்டாலே 350-ன் ஏற்றப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். சைடுகாரோடு யார் எண்பதில் போகப் போகிறார்கள்?

உண்மையான சிக்கல் இறக்கத்தில்தான் இருக்கிறது. நம் ஊரில் சைடுகார் இடப்பக்கம். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் சைடுகார் தன் வேகத்தில் முன்னே போகப் பார்க்கும், அதனால் வண்டி வலப்பக்கம், அதாவது எதிரே வரும் பஸ்ஸை நோக்கித் திரும்பும். சைடுகார் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு இந்த இழுப்பும் கூடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், வண்டியின் இரண்டு சக்கரங்களைத்தான் பார்த்துக்கொள்ளும், மூன்றாவது சக்கரம் அதன் கணக்கில் இல்லை. ஆகவே 350-ஓ 650-ஓ, சைடுகார் சக்கரத்துக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் முதல் செலவு அதற்குத்தான். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன், உள்ளே உட்காருவது நம் அப்பாவும் அம்மாவும்.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சரியாக நிற்கின்றனவா என்பது. கை வலிக்கிறது, வண்டி ஒரு பக்கமே போகிறது, பின் டயர் சீக்கிரம் தேய்கிறது என்று சொல்பவர்களில் பலருக்குக் குறை எஞ்சினில் இல்லை. வண்டியின் இரண்டு சக்கரங்களை ஒட்டி ஒரு நேரான கட்டை, சைடுகார் சக்கரத்தை ஒட்டி இன்னொன்று வைத்து அளந்து பாருங்கள். இரண்டு கட்டைக்கும் நடுவே முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். வண்டியும் சைடுகாருக்கு எதிர்ப்பக்கம் துளி சாய்ந்து நிற்க வேண்டும். இதை எல்லாம் அப்பா உட்கார்ந்திருக்கும்போது அளக்க வேண்டும், காலி வண்டியில் அல்ல. ஹேண்டில் இன்னும் கனமாக இருந்தால் சைடுகாருக்கென்றே செய்த முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) உதவும். அதை மட்டும் எந்தப் பட்டறையிலும் வெல்டிங் வைத்து ஒப்பேற்றிவிடாதீர்கள்.

பெரிய சைடுகாருக்குச் சாதகமும் உண்டு. ஆனி, ஆடியில் பணகுடி தாண்டி காவல்கிணறு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று என்ன போடு போடும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாகர்கோவிலுக்குப் போகும்போது அது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும், தாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது இடப்பக்கத்திலிருந்து வந்து சைடுகாரைத் தூக்கப் பார்க்கும். இடப்பக்க வளைவும் சேர்ந்துகொண்டால், காலிப் பெட்டி தரையை விட்டே எழும். கனமான சைடுகார் அங்கே அமைதியாக வந்தது. நான் காலியாக வரும்போது ஒரு மணல் மூட்டையைக் கட்டிக்கொள்கிறேன்.

அகலத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் கடை நேரத்தில் ஆட்டோவே திணறும். ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டி பெரிதாகப் பெரிதாக, சரிவில் பின்னால் தள்ளி எடுக்க இன்னொரு ஆள் வேண்டும். ரஷ்ய உரால் வண்டிகளில் ரிவர்ஸ் கியரே உண்டு, சில மாடல்களில் சைடுகார் சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை போகும். ஆனால் அவற்றின் சைடுகார் வழக்கமாக வலப்பக்கம், நம் சாலைக்குத் தோதில்லை.

எங்கள் வீட்டில் முடிவு சொன்னது அம்மாதான். நண்பரின் சைடுகார் விளிம்பு உயரம். ஒரு காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வண்டி பெருசா இருந்து என்ன செய்ய, ஏறதுக்குக் கால் எட்டணும்லா" என்றார். நான் 350-லேயே இருந்துவிட்டேன். பிரேக்கும் ஸ்ப்ராக்கெட்டும் மாற்றி, பெட்டியில் ஒரு படியும் கைப்பிடியும் வைத்தேன். அவர் யார் துணையும் இல்லாமல் ஏறி இறங்குவதைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

மாறியே தீருவது என்று முடிவெடுத்தால், முன்பணம் கொடுக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(27) கழற்றி மாட்டும் சைடுகாரையும் சேர்த்தே மோட்டார் சைக்கிள் என்கிறது. ஆனால் ஆர்சி (பதிவுச் சான்று) விவரங்கள் தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்து, பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

650-ஐ ஓட்டிப் பார்க்கும் அன்று அப்பாவையும் கூட்டிப் போங்கள். அவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவரை உட்கார வைத்தே ஓர் இறக்கத்தில் மெதுவாகப் பிரேக் பிடித்துப் பாருங்கள், தெருவில் திருப்பிப் பாருங்கள், கடைசியில் தனி ஆளாகப் பின்னால் தள்ளிப் பாருங்கள். இதில் எது ஒன்று ஒத்துவராவிட்டாலும் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.