மச்சை எடுத்தா புற்றுநோய்தானா?

அம்மாட ஹீமோகுளோபின் குறைஞ்சு 7. ப்ளட் பிக்சர் பாத்திட்டு இடுப்பெலும்பில மச்சை எடுக்கணுமாம். புற்றுநோயா டொக்டர்?
- வாசகி, களுவாஞ்சிகுடி

அழாதீங்க மகள், மச்சை எடுக்கிற எல்லாருக்கும் புற்றுநோய் இல்ல. மச்சை எண்டா எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற மெதுவான பகுதி. ப்ளட் பிக்சர் எண்டா ஒரு சொட்டு ரத்தத்த கண்ணாடியில மெல்லிசா இழுத்து சாயம் போட்டு மைக்ரஸ்கோப்பில பாக்கிறது, இரும்புச்சத்து குறைஞ்சா சிவப்பணு சின்னதா வெளிறிக் கிடக்கும், பி12 குறைஞ்சா பெருசாத் தெரியும், ஆனா ரத்தம் ஊறுற இடத்தில என்ன நடக்குதெண்டு சிலநேரம் அதால சொல்லேலா, அதுக்குத்தான் மச்சை. விறைக்க ஊசி போட்டுத்தான் எடுப்பாங்க, உறிஞ்சி இழுக்கக்குள்ள கொஞ்சம் நோகும், அத அம்மாக்கிட்ட மறைக்காதீங்க. மச்சையோட எடுக்கிற சின்ன எலும்புத்துண்டுட சுண்ணாம்பக் கரைச்சிட்டுத்தான் வெட்டிப் பாக்கணும், அதால ரிப்போட்டுக்கு நாள் எடுக்கும். ரத்தம் இளக்கிற குளிசை பாவிக்கிறாவெண்டா முதல்லயே சொல்லிருங்க.